அலாஸ்காத் தச்சரைக் கிறுக்கர் என்னலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தனியாக வாழ்ந்த ரிச்சர்ட் புரெனக்கியைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு மனிதரை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால், கட்டுரைக்குக் கொடுக்கப்பட்டிருந்த ‘வடதுருவத்துக் கிறுக்குச் சாமியார்’ என்ற தலைப்பையும், அவர் ‘மனிதர்களை வெறுத்து, கையில் ஒரு கோடாலியோடு, மனிதக் காலடி படாத காட்டுக்குள் நுழைந்து, அங்கேயே மறைந்து போனார்’ என்ற தொடக்க வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை. ட்வின் லேக்ஸ் வடதுருவத்தில் இல்லை. ஆங்கரேஜ் நகருக்குத் தென்மேற்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம், வரைபடம் பார்க்காமல் தலைப்பு வைப்பது எந்தப் பத்திரிகையிலும் நடப்பதுதான். கிறுக்கர் என்ற சொல்லையும் சாமியார் என்ற சொல்லையும் அவ்வளவு எளிதாகக் கடந்து போக முடியவில்லை. நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு வேலை கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்த மனிதரின் கைவேலையைப் பார்த்த எந்தத் தச்சனும் அவரை அப்படி அழைக்க மாட்டான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

புரெனக்கி 1916-ஆம் ஆண்டு மே மாதம் அயோவா மாநிலத்தின் பிரிம்ரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை கிணறு தோண்டுபவர், தச்சர், வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர் என்று கைக்குக் கிடைத்த வேலையையெல்லாம் செய்தவர். மகன் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்குப் போனார். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய மறுநாளே கடற்படையில் சேர்ந்து அங்கும் தச்சராகவே பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் வாதக் காய்ச்சல் கண்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். 1945-இல் உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டார். அதன்பின் போர்ட்லண்டில் டீசல் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்று, 1950 வாக்கில் அலாஸ்கா போய்ச் சேர்ந்தார். கால்நடைப் பண்ணை வைக்கும் யோசனை கைகூடவில்லை. கோடியாக் தீவின் கடற்படைத் தளத்தில் கனரக இயந்திரங்களை ஓட்டுவதும் பழுதுபார்ப்பதுமாக நெடுங்காலம் உழைத்தார். அந்த வட்டாரத்தில் கெட்டிக்கார மெக்கானிக் என்று பெயர் எடுத்து, மனைவி மக்கள் இல்லாத காரணத்தால் சம்பாதித்ததில் பெரும்பகுதியைச் சேமித்தும் வைத்தார். 1968 மே மாதம் ட்வின் லேக்ஸ் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 52. கட்டுரை ‘வாழ்க்கையை உதறினார்’ என்று எழுதியிருக்கிறது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் வியர்வை சிந்தி, சேமிப்பைக் கணக்குப் பார்த்து, போதும் என்று முடிவு செய்து வேலையை விட்டவரை ஓய்வுபெற்றவர் என்றுதான் நாம் சொல்வோம். ஓய்வுபெற்றவர்கள் திருநெல்வேலியிலோ தேனியிலோ வீடு கட்டுகிறார்கள். அவர் ஏரிக்கரையில் கட்டினார்.

கையில் ஒரு கோடாலியோடு நுழைந்தார் என்பதும் சரியன்று. அந்த ஏரியை அவர் 1960-களின் தொடக்கத்திலிருந்தே அறிந்தவர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர், அவருடைய நண்பர், அந்தக் கரையில் ஏற்கெனவே ஒரு சிறு குடில் வைத்திருந்தார். 1967 கோடையில் புரெனக்கி அந்தக் குடிலில் தங்கி, தாம் வீடு கட்டப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய ஸ்புரூஸ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வீடு கட்டத் தொடங்கியது மறு ஆண்டில்தான். பச்சை மரத்தை வெட்டிய கையோடு சுவரில் ஏற்றினால் காயக் காயச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், ஆறே மாதத்தில் மூட்டுகள் வாய் பிளக்கும் என்பது எங்கள் பட்டறையில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். ஒரு குளிர்காலம் முழுவதும் தடிகளைக் காயவிட்டு, வீடு கட்டும் ஆசையை ஓராண்டு தள்ளிப்போட்டவரிடம் கிறுக்கு எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிக் கட்டுரை ‘ஒரு குடிசை’ என்ற இரு சொற்களோடு நின்றுவிட்டது. அவருடைய வாழ்க்கையில் எழுதுவதற்கு மிகவும் உரிய பகுதியே அந்த வீடுதான் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். உள்ளளவு ஏறத்தாழ 11 அடிக்கு 15 அடி. மின்சாரமோ மோட்டார் ரம்பமோ கிடையாது. முழுக்க முழுக்கக் கைக்கருவிகளால் ஒருவரே கட்டியது. விமானத்தில் ஏற்றும் எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காகச் சில கருவிகளின் இரும்புப் பகுதியை மட்டும் கொண்டுவந்து, கைப்பிடிகளை அங்கே கிடைத்த மரத்தில் செதுக்கிப் பொருத்திக்கொண்டார். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்: அவருக்கு எந்தக் கருவி எதற்கு வேண்டும் என்பதும், அதன் பிடி தம் கைக்கு எந்தத் தடிமனில் இருக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. கருவியைக் கடையில் வாங்கும்போதே பிடி ஆடுகிறதா என்று பார்க்கத் தெரியாத பயிலுநர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

சுவர் எழுப்பிய முறையைப் பாருங்கள். உருண்டைத் தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும்போது, மூலையில் மேல்தடியின் அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் செதுக்கி, அது கீழ்த்தடியின் முதுகின்மேல் சேணம்போல் உட்காரும்படி செய்ய வேண்டும். பள்ளத்தை மேல்நோக்கி வெட்டினால் வேலை சுலபம். ஆனால் மழைநீரும் பனிநீரும் அதில் தேங்கி, மூலை சில ஆண்டுகளில் உளுத்துப் போகும். கீழ்நோக்கி வெட்டினால் நீர் தங்காது. ஆனால் கீழ்த்தடியின் வளைவை அப்படியே மேல்தடியில் குறித்து, தடியைப் புரட்டிப்போட்டு, கோடாலியாலும் உளியாலும் குடைந்து, திரும்பப் புரட்டி வைத்துப் பார்த்து, எங்கே முட்டுகிறது என்று கண்டு, மறுபடியும் புரட்டிச் செதுக்க வேண்டும். ஒவ்வொரு தடிக்கும், ஒவ்வொரு மூலைக்கும் இதே வேலை. தூக்கிப் பிடிக்க இன்னொரு கையும் இல்லை. புரெனக்கி கீழ்நோக்கித்தான் வெட்டினார். அந்த மூலைகளின் படங்களை நான் உருப்பெருக்கிப் பார்த்திருக்கிறேன். தடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நேர்த்தி, இயந்திரம் வைத்து வேலை செய்யும் பட்டறைகளிலும் எப்போதும் காணக் கிடைப்பதன்று.

கதவு இன்னும் அழகு. மேல்பாதி தனியாகவும் கீழ்பாதி தனியாகவும் திறக்கும் இரட்டைக் கதவு அது. அதற்கான பலகைகளைத் தடியிலிருந்து கைவாளால் நீளவாக்கில் அறுத்தெடுத்தார். நீளவாக்கில் கையால் பலகை அறுப்பதென்றால் தோள்பட்டை என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். கீல்களுக்கு இரும்பு இல்லை, மரத்திலேயே செதுக்கினார். தாழ்ப்பாளும் மரம்தான். கூரைக்கு மரக்கழிகளைப் பரப்பி, அதன்மேல் தார்த்தாளும் பாலித்தீன் விரிப்பும் போட்டு, அவற்றுக்கும் மேலே காட்டில் தடிப்பாக வளர்ந்து கிடந்த பாசியைப் பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து பதித்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழமைதான் புனிதம் என்று அவர் பாலித்தீனை ஒதுக்கவில்லை. எது நீரைத் தடுக்குமோ அதைப் போட்டார், எது குளிரைத் தடுக்குமோ அதை அதன்மேல் போட்டார். ஏரிக்கரைக் கற்களைச் சுமந்து வந்து கணப்படுப்பும் புகைப்போக்கியும் கட்டினார். எரிபொருள் வந்த தகர டப்பாக்களை வெட்டி மடக்கிப் பாத்திரங்களும் பெட்டிகளும் செய்தார். கரடியும் மற்ற பிராணிகளும் எட்டாதபடி, உயரமான கால்களின்மேல் ஒரு சிறு தானியக் குதிர் போன்ற சேமிப்பறையும், வெயில் காலத்தில் உணவு கெடாமல் இருக்கப் பாசிக்கு அடியில் குழி தோண்டி ஒரு குளிர்பெட்டியும் அமைத்துக்கொண்டார். உண்ணும் கரண்டியைக்கூட மரத்தில் செதுக்கிக்கொண்டார். வசந்தத்தில் தொடங்கிய வீட்டில் அந்த ஆண்டின் குளிர்காலத்துக்கு முன்பே குடியேறி, வெப்பநிலை மைனஸ் 45 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய நாள்களையும் அதற்குள்ளேயே கழித்தார்.

இனி, மனிதர்களை வெறுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வேலை முடிந்த வீட்டைப் படம் எடுத்தது யார்? அவரேதான். சாவி கொடுத்து இயக்கும் ஒரு சினிமாக் காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, தாம் மரம் அறுப்பதையும் பள்ளம் செதுக்குவதையும் கதவு மாட்டுவதையும் படம் பிடித்தார். தனியாக இருப்பவர் தம்மைத்தாமே நடந்து போவதாகப் படம் எடுக்க வேண்டுமானால், காமிராவை ஓடவிட்டு, நடந்து போய், மறுபடியும் நடந்து வந்து அதை நிறுத்த வேண்டும். யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர் செய்யும் வேலையா இது? அந்தப் படச்சுருள்களிலிருந்து தொகுக்கப்பட்ட ஆவணப்படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியதால்தான் அவர் உலகறிந்தவரானார். அதற்கு வெகு முன்பே, 1973-இல், கோடியாக்கில் அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டு ஒரு நூலை உருவாக்கியிருந்தார்.

அவருக்கு வேண்டிய உணவுப் பொருள்களையும் கடிதங்களையும் போர்ட் ஆல்ஸ்வொர்த் என்ற குடியிருப்பிலிருந்து பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானி தம் சிறு விமானத்தில் கொண்டுவந்து கொடுத்தார். வரும்போதெல்லாம் வந்த கடிதங்களைக் கொடுத்து, எழுதி வைத்திருந்த கடிதங்களை எடுத்துப் போனார். ஓட்ஸ், பீன்ஸ், மாவு, சர்க்கரை எல்லாம் அந்த விமானத்தில் வந்தவைதான். புளித்த மாவில் அவர் தினமும் சுட்ட அடைக்கு மாவு காட்டில் விளையவில்லை. சிறிய தோட்டம் போட்டு உருளைக்கிழங்கும் வெங்காயமும் கீரையும் பயிரிட்டார், ஏரியில் மீன் பிடித்தார், பெர்ரிப் பழங்களைச் சேகரித்தார் என்பவையெல்லாம் உண்மை. ஆயினும் அந்த விமானம் வராமல் போயிருந்தால் ட்வின் லேக்ஸ் வாழ்க்கை முப்பது ஆண்டுகள் ஓடியிருக்காது. முதல் முறை ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு தங்கிய பின் சொந்தங்களைப் பார்க்க ஊருக்குப் போனார்; அடுத்த வசந்தத்தில் திரும்பினார்; பிறகும் அவ்வப்போது போய் வந்தார். உடன்பிறந்தவர்களோடு தொடர்பு அறுந்ததே இல்லை. பிற்காலத்தில் வந்த விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். இதையெல்லாம் ஒரு வரியில்கூடச் சொல்லாமல், ‘மனித வாடையே ஆகாதவர்’ என்று எழுதியிருப்பது கட்டுரையாளர் எழுத விரும்பிய கதைக்கு வசதியாக இருந்திருக்கலாம்.

அவருக்கு வெறுப்பு இருந்தது ஒரு கூட்டத்தாரின் மேல் மட்டுமே. கொம்புக்காகவும் பெருமைக்காகவும் விமானத்தில் வந்திறங்கி, மூஸ் மானையோ கரிபூவையோ சுட்டு, தலையை எடுத்துக்கொண்டு இறைச்சியைக் காட்டிலேயே அழுகவிட்டுப் போகும் வேட்டைக்காரர்களை அவர் சகிக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இறைச்சியைக் கிடைத்தபோது எடுத்துப் பயன்படுத்தினார். அவர்கள் வீசிப்போன தகரத்தையும் குப்பையையும் பொறுக்கி வந்தார். தாமும் முதல் ஆண்டில் ஒரு காட்டுச் செம்மறிக் கடாவைச் சுட்டார். அதன் இறைச்சியை வீணாக்கவில்லை. பிற்பாடு வேட்டையாடுவதை அரிதாக்கிக்கொண்டார். சாமியார் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் சைவ விரதமும் பூண்டதில்லை, கடவுளைத் தேடிக் காட்டுக்குப் போனதாகச் சொன்னதும் இல்லை.

‘மனிதக் காலடி படாத காடு’ என்ற தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் இது புரெனக்கிக்கு மட்டும் இழைத்த அநீதி அன்று. லேக் கிளார்க் வட்டாரம் டெனாயினா என்ற ஆதிகுடி மக்களின் தாயகம். கிளார்க் ஏரிக்கு அருகில் அவர்களுக்குக் கிஜிக் என்ற பெரிய ஊர் இருந்தது. கிஜிக்கிலிருந்து வடக்கே டெலக்வானா ஏரி வரை அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய தடம் ஒன்று இன்றும் அதே பெயரால் அறியப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோயால் பலர் மாண்டதும், வணிகமும் வேலையும் கிடைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் தேவையும் சேர்ந்து, எஞ்சியவர்கள் கிஜிக்கை விட்டு நோண்டால்டன் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் வாழ்ந்த இடம் இன்று அமெரிக்க அரசால் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அம்மக்கள் காலங்காலமாக வேட்டையாடி, மீன் காயவைத்து, பிள்ளை பெற்று வளர்த்த நாட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததை உலக அதிசயமாக எழுதுபவர்கள், அங்கே குடும்பம் குடும்பமாக வாழ்ந்தவர்களை ஒரு வரியில் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். மலையையும் காட்டையும் ஆளில்லாத நிலமாக எழுதி வைத்தவர்களால் பழங்குடிகள் பட்ட பாடு நமக்குத் தெரியாத கதையும் அன்று.

காட்டிலேயே மறைந்து போனார் என்று கட்டுரை முடிவதும் தவறான தகவல். 1998-இல், 82 வயதில், குளிர்காலத்தைத் தனியே தாங்கும் வலு உடலில் இல்லை என்று உணர்ந்து, அவர் கலிபோர்னியாவின் ஹெமெட் நகரில் வசித்த தம் உடன்பிறந்தவரின் வீட்டுக்குப் போய்விட்டார். 2003 ஏப்ரலில், 86-ஆம் வயதில், அங்கேதான் காலமானார். தனிமை மோகம் தலைக்கேறியவராக இருந்திருந்தால் அந்தக் குடிலிலேயே கிடந்து செத்திருப்பார். அப்படிச் செத்திருந்தால் கட்டுரைக்கு உருக்கமான முடிவும் கிடைத்திருக்கும். போதும் என்று கணக்குப் பார்த்து ஏரிக்கரைக்கு வந்தவர், போதும் என்று அதேபோலக் கணக்குப் பார்த்துக் கிளம்பினார்.

இவ்வளவும் ஒருவருடைய பெயருக்காக மட்டும் எழுதவில்லை. தங்கள் இணைப்பைப் படிப்பவர்களில் கணினி நிறுவனங்களில் இரவு பகலாக உழைத்துச் சலித்துப்போன இளைஞர்கள் நிறையப் பேர் உண்டு. ‘கோடாலியோடு கிளம்பிய கிறுக்கர் முப்பது ஆண்டுகள் ஆனந்தமாக வாழ்ந்தார்’ என்று படிக்கும் பையன் எதை எடுத்துக்கொள்வான்? இதே அலாஸ்காவில் 1992 ஏப்ரலில் கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ் என்ற 24 வயது இளைஞர் கொஞ்சம் அரிசியும் ஒரு சிறு துப்பாக்கியுமாகக் காட்டுக்குள் போனார். கைவிடப்பட்ட ஒரு பேருந்துக்குள் தங்கி, ஏறத்தாழ நான்கு மாதங்களில் உடல் மெலிந்து இறந்தார். செப்டம்பர் தொடக்கத்தில்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய கதை உலகெங்கும் பரவிய பின், அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களைத் தேடிப் பிடித்து மீட்பதே உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. வழியில் குறுக்கிடும் டெக்லனிக்கா ஆற்றில் 2010-இல் ஒரு பெண்ணும் 2019-இல் இன்னொரு பெண்ணும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டரை வைத்துப் பேருந்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். மெக்காண்ட்லெஸை நான் இழித்துப் பேசவில்லை. இளம் வயதில் இறந்த பிள்ளையைப் பற்றி அப்படிப் பேசவும் கூடாது. அவருக்கு இல்லாமல் போனது துணிச்சல் அன்று. இடத்தை ஆண்டுக்கணக்கில் பழகிய அறிமுகமும், முன்கூட்டியே அடுக்கி வைத்த மரமும், குறிப்பிட்ட காலத்தில் வந்து எட்டிப்பார்க்கும் ஒரு விமானியும் புரெனக்கிக்கு இருந்தன. இந்த வேறுபாடு கட்டுரையில் இருந்திருந்தால் படிக்கும் இளைஞர்களுக்கு உண்மையிலேயே உதவியாக இருந்திருக்கும்.

இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிறிஸ்டோபர் நைட் என்பவர் 1986 முதல் 2013 வரை 27 ஆண்டுகள் காட்டில் ஒளிந்து வாழ்ந்தார். அவர் யாரோடும் பேசவில்லை என்பதைப் புகழ்ந்து எழுதுபவர்கள், சுற்றியிருந்த விடுமுறை வீடுகளில் ஏறத்தாழ ஆயிரம் முறை புகுந்து சாப்பாட்டையும் மற்றப் பொருள்களையும் திருடித்தான் அவர் பிழைத்தார் என்பதைச் சன்னமாகச் சொல்கிறார்கள். பிடிபட்டபோதும் திருடிக்கொண்டுதான் இருந்தார். எல்லாரையும் ஒரே பெயரால் ‘தனிமைச் சாமியார்கள்’ என்று அடுக்குவதில் இப்படிப்பட்ட சங்கடமும் இருக்கிறது.

புரெனக்கியைக் குறையே இல்லாதவராக ஆக்குவதும் என் நோக்கம் அன்று. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையோ, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் பொறுப்பையோ அன்றாடம் சுமக்காதவருக்கு அப்படிப்பட்ட வாழ்க்கை சாத்தியமாயிற்று. குடும்பஸ்தர் பலருக்கு அது கனவிலும் ஆகாது. அவர் எழுதியவற்றில் தம் கைத்திறமையில் ஒரு பெருமிதமும், சோம்பேறிகள் மேல் கொஞ்சம் எரிச்சலும் தலைகாட்டுவது உண்மைதான். நல்ல தச்சர்கள் பலருக்கும் உள்ள குணம் அது. என் மாணவர்களைக் கேட்டால் எனக்கும் உண்டு என்பார்கள்.

ஆனால், அவர் விட்டுச்சென்றவற்றைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையும் நிறைவு பெறாது. 250-க்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை அவர் நாள் தவறாமல் எழுதி நிரப்பினார். ஏரி எப்போது உறைந்தது, பனிக்கட்டி எவ்வளவு தடித்தது, எப்போது உடைந்து நீர் திறந்தது, வெப்பநிலை என்ன, காற்று எந்தப் பக்கம், எந்தச் சரிவில் எத்தனை செம்மறிகள் மேய்ந்தன, கரடி எந்தப் பக்கம் போயிற்று என்று அன்றன்றைக்குக் கண்டதை அன்றன்றே குறித்து வைத்தார். 1980 டிசம்பரில் அந்த வட்டாரம் ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் பரப்புள்ள லேக் கிளார்க் தேசியப் பூங்காவாகவும் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டபோது, அந்த இடத்தைப் பற்றி இவ்வளவு தொடர்ச்சியாக எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்றே சொல்லலாம். பூங்கா ஊழியர்களுக்குத் தன்னார்வலராகவும் உதவினார். குறிப்பேடுகளின் ஒரு பகுதி பூங்காவின் வரலாற்றாளரால் தொகுக்கப்பட்டு அச்சாகியும் இருக்கிறது. பருவநிலை மாறுகிறதா என்று உலகமே கேட்கும் காலத்தில், ஒரே இடத்தில் ஒரே மனிதர் ஒரே விதமாகப் பல பத்தாண்டுகள் எழுதி வைத்த குறிப்புக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை அறிவியல் நிருபர்களைக் கொண்டிருக்கும் தங்கள் நாளிதழுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையில் இந்தக் குறிப்பேடுகளுக்குக் கிடைத்த இடம், ‘எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார்’ என்ற ஒரு வாக்கியம். அதைப் படித்தபோது வந்த கோபத்தில்தான் இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வீட்டை அவர் பூங்காவுக்கே விட்டுவிட்டுப் போனார். 2007-இல் அது அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாலை வசதி இன்றும் இல்லை. சிறு விமானத்தில் ஏரியில் இறங்கித்தான் போக முடியும். ஆனாலும் கோடையில் ஆள்கள் போய்ப் பார்க்கிறார்கள். தங்கள் கட்டுரையோடு வெளியிட்டிருந்த படம், கூரை சரிந்து பலகைகள் பெயர்ந்து கிடக்கும் ஏதோ ஒரு சுரங்கத் தொழிலாளர் கொட்டகையின் படம்போல் இருக்கிறது. அது புரெனக்கியின் வீடு அன்று. மூலைகளில் ஆணி அடித்திருப்பதையும், பள்ளம் மேல்நோக்கி வெட்டப்பட்டிருப்பதையும் கொண்டே இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் படத்தைத் திருத்தி, அவர் எங்கே, எப்போது காலமானார் என்ற தகவலையும் சரிசெய்து வெளியிடுங்கள். இடம் இருந்தால், அவருடைய குறிப்பேடுகளைப் பற்றித் தங்கள் அறிவியல் நிருபர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். தச்சு வேலை குறித்து அவருக்கு ஏதேனும் ஐயம் எழுந்தால் விளக்கம் தரக் காத்திருக்கிறேன். முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்துள்ளேன், அவற்றை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தச்சுத் தொழில் பயிற்றுநர்,
நாகர்கோவில்.